மாட்டுங்கா மொசைக் தரையிலிருந்து கெர்குவான் வரை: துனிசியாவின் தொல்லிடங்களைப் பார்க்கும் முறை

மும்பையிலிருந்து துனிசியாவுக்கு நேரடி விமானம் இல்லாததால், தோஹா, துபாய், இஸ்தான்புல் ஆகியவற்றுள் ஒன்றில் இறங்கி மாறித்தான் துனிஸ் நகரைச் சேர வேண்டும். அவ்வளவு தொலைவு போய், இடிபாடு ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் பயணச் செலவு வீண். அடுத்த குளிர்காலத்தில் போக எண்ணியிருக்கும், மும்பையின் மாட்டுங்கா பகுதி நண்பர்கள் சிலர் வழி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். எந்த இடத்திலும் யார் கட்டினார், எந்த ஆண்டு என்பவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அது எதனால் செய்யப்பட்டது, கை எப்படி வேலை செய்தது, பின்னால் வந்தவர்கள் அதையே எடுத்து வேறு எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டி கட்டுவதற்கு முன்பே இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, வீட்டுத் தரையைக் குனிந்து பார்ப்பது. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் சிமென்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்து, வழவழப்பாகும் வரை தேய்த்த தரையை நாம் மொசைக் என்கிறோம். அதில் ஒரு சாண் அளவை எடுத்துக்கொண்டு, சில்லுகளின் நிறம், நெருக்கம், தேய்மானம் ஆகியவற்றைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரு காலை வேளையில் தாராவியின் கும்பார்வாடாவுக்குப் போய், சக்கரத்தில் பானை வனைவதையும் சூளையில் அடுக்குவதையும் நின்று பார்ப்பது. இவ்விரண்டின் பயனும் அங்கே போன பிறகு விளங்கும்.

1979 முதல் 2023 வரை துனிசியாவின் பண்பாட்டு இடங்கள் எட்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துள்ளன. ஒன்பது நாள் பயணத்தில் எட்டையும் தொட முயல வேண்டாம்; சூஸ் நகரையும் ஜெர்பா தீவையும் அடுத்த முறைக்கு விட்டுவிட்டு, ஆறோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

வழக்கத்துக்கு மாறாக, பியூனிக் மக்களின் தலைநகராக இருந்த கார்த்தேஜுக்கு முன்பு கெர்குவானைப் பாருங்கள். நாட்டின் வடகிழக்கில் கடலுக்குள் நீளும் போன் முனையில், கெலிபியா ஊருக்கு வடக்கே அலை தொடும் தொலைவில் இருக்கும் இந்தப் பியூனிக் ஊரை, ரோமானியருடன் நடந்த முதல் போரின்போது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், மக்கள் கைவிட்டுப் போனார்கள். பின்னால் யாரும் அதன்மேல் ஊர் எழுப்பாததால், 1952இல் கண்டறியப்பட்டபோது தெருவும் வாசலும் முற்றமும் அப்படியே கிடைத்தன. சுவர்கள் பெரும்பாலும் இடுப்பளவே நிற்கின்றன. ஆகவே பார்வையைத் தரையில் வையுங்கள். செங்கல், ஓட்டுத் தூளைச் சுண்ணாம்பில் குழைத்து, அதில் வெள்ளைச் சலவைக்கல் சில்லுகளைத் தூவிப் பதித்த செந்நிறத் தரை அது. நம் வீட்டு மொசைக்கின் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய உறவு என்று அதைப் பார்த்ததும் தெரிந்துகொள்வீர்கள். ஒரு வீட்டு வாசலில் அதே வெள்ளைச் சில்லுகளால் ஒரு முக்கோணமும் மேலே ஒரு குறுக்குக் கோடும் அதன்மேல் ஒரு வட்டமும் பதித்திருக்கிறார்கள். அது தானித் என்ற பெண் தெய்வத்தின் குறி. வாசலில் கோலமிடும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதன் முன் அதிக விளக்கம் தேவைப்படாது. உள்ளே போனால், உட்கார்ந்து குளிப்பதற்கான சிறு தொட்டி வீட்டுக்கு வீடு இருப்பதைக் காணலாம். கை வைத்துக்கொள்ளும் திண்டுகள்கூட அதே செந்நிறப் பூச்சில் உருவாக்கப்பட்டவை. அங்கே நேரடிப் பேருந்தை எதிர்பார்க்காமல், கெலிபியாவிலிருந்து டாக்ஸியை அரை நாளுக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து துனிஸ் நகரின் பார்டோ அருங்காட்சியகம். பழைய அரண்மனையில் 1888இல் தொடங்கிய இது, ரோமானியர் கால மொசைக் தளங்களுக்குப் பெயர் பெற்றது. இங்கே மொசைக் என்ற சொல்லுக்கு வேறு பொருள்: சில்லுகளைத் தூவுவதில்லை, ஒவ்வொரு கல்லையும் வெட்டி, இடம் பார்த்து வைக்கிறார்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். பிறகு ஓரமாக நெருங்கி, கற்கள் எந்தத் திசையில் வரிசை பிடித்திருக்கின்றன என்று கவனியுங்கள். உருவத்தின் விளிம்பைச் சுற்றி ஓரிரு வரிசைகள் வளைந்து ஓடுவதும், முகங்களில் கற்கள் சிறுத்துக்கொண்டே போவதும் தெரியும். அங்கே ஒன்றிலேயே அரை மணி நேரம் செலவிடுவதென்றால், கார்த்தேஜில் கிடைத்த ‘ஜூலியஸ் பிரபு’ தளத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் கோட்டை போன்ற பண்ணை வீடும், சுற்றிலும் ஒலிவ மரத்தைத் தடியால் அடித்துக் காய் உதிர்ப்பவர், வாத்து கொண்டுவருபவர், திராட்சைக் கூடை சுமப்பவர் என்று பருவம் பருவமாக உழைப்பும் பதிவாகியிருக்கின்றன. எஜமானைப் புகழச் செய்த அந்தத் தரை, இன்று நமக்கு வேலையாட்களைத்தான் காட்டுகிறது.

கார்த்தேஜுக்கு துனிஸிலிருந்து லோக்கல் ரயில் உண்டு. ஒரே நுழைவுச்சீட்டில் பல இடங்களைப் பார்க்கலாம். கி.மு. 146இல் ரோமானியர் அழித்து, பின்னர் தாங்களே மீண்டும் எழுப்பிய ஊர் என்பதால் அடுக்குகள் கலந்து கிடக்கின்றன. கெர்குவானைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது எளிது.

துனிஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் இருக்கும் துக்கா என்ற பண்டைய ஊரின் இடிபாடுகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பெரும்பாலோர் மேலே உள்ள அரங்கையும் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சரிவில் இறங்கி, தனியாக நிற்கும் 21 மீட்டர் உயரச் சமாதி வரை போங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் பியூனிக் மொழியிலும் பழைய லிபிய மொழியிலும் ஒரே செய்தியைப் பொறித்த கல்வெட்டு இருந்தது. லிபிய எழுத்தைப் படிக்கத் திறவுகோலாக அமைந்தது அதுவே. ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் தமிழும் பொறித்த சாதவாகனர் வெள்ளிக்காசை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். 1842இல் பிரிட்டன் தூதர் தாமஸ் ரீட் அந்தக் கல்வெட்டுக்காகச் சமாதியைப் பெயர்த்தெடுக்கச் செய்தார். கல் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1908 முதல் 1910 வரை கற்களைத் திரட்டி மீண்டும் அடுக்கிய கட்டடத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் முன் நிற்கும்போது இதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

கைருவானுக்கு லுவாஜ் எனப்படும் ஷேர் டாக்ஸியில் போகலாம். இருக்கை நிரம்பினால் புறப்படும். 670இல் உக்பா இப்னு நாஃபி நிறுவி, ஒன்பதாம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்ற பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் போய்ச் சேர்ந்து வாசலோடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. வேறு நாளில் காலையிலேயே போங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் தொழுகைக் கூடத்துக்குள் போக முடியாது என்றாலும், திறந்த கதவுகளின் வழியே தூண்கள் தெரியும். அத்தூண்களின் உச்சியில் உள்ள தலைப்புக் கற்கள் ஒன்றைப்போல் ஒன்றில்லை. பழைய ரோமானிய, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்தவை அவை. உங்கள் நேரத்தை முற்றத்தில் செலவிடுங்கள். மழை நீர் நடுவே வந்து சேரும்படி தளம் மெல்லச் சரிகிறது. அங்கே ஒரு சலவைக்கல் வடிகாலில் படிப்படியாகக் குழிகள் செதுக்கி, வண்டல் அவற்றில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் அடியிலுள்ள தொட்டிக்கு இறங்கச் செய்திருக்கிறார்கள். அந்த நீரை இறைக்கும் கிணறுகளின் வாய், துளையிட்ட பழைய தூண் அடிக்கற்கள். விளிம்பில் விரலை வைத்தால் உள்ளே புதையும் அளவுக்குக் கயிறு அறுத்த தடங்கள் ஓடுகின்றன. ஊர்க் கிணற்றங்கரையில் வடம் தேய்த்த கல்லைத் தொட்டு வளர்ந்தவர்கள் அதை உடனே அடையாளம் காண்பார்கள்.

எல் ஜெம் ஊரில் உள்ள ரோமானியர் கால அரங்குக்கு அதிக முன்னேற்பாடு வேண்டாம். துனிஸிலிருந்து ஸ்ஃபாக்ஸ் போகும் ரயில் அந்த ஊரில் நிற்கும்; நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நிலத்தடி வழிகளில் இறங்கிப் பார்க்கத் தவற வேண்டாம்.

கடைசி இரண்டு நாட்களைத் துனிஸின் பழைய நகரான மதீனாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷஷியா எனும் சிவப்புத் தொப்பி செய்பவர்களுக்கென்றே அங்கே ஒரு கடைத்தெரு உண்டு. 1609இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் கையில் வளர்ந்த தொழில் அது. பெண்கள் பின்னித் தரும் வெள்ளைக் கம்பளித் தொப்பி முதலில் தலையைவிட மிகப் பெரிதாக இருக்கும். வெந்நீரிலும் சோப்பிலும் பிசையப்பட்டுச் சுருங்கி இறுகும். பிறகு முட்செடியின் காய்ந்த பூத்தலையால் சீவிச் சீவிப் பஞ்சு எழுப்பி, சாயம் ஏற்றுவார்கள். அனுமதி கேட்டுக் கடைக்குள் உட்கார்ந்து பாருங்கள்; வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி, பின்னலின் கண்கள் தெரியாத அளவுக்கு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

துனிசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுபோவதும் வெளியே கொண்டுவருவதும் சட்டப்படி கூடாது. யூரோ எடுத்துச் சென்று, அங்கே தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். இடிபாடுகளின் அருகே யாராவது பழங்காசு என்று நீட்டினால் வாங்காதீர்கள். போலியானால் பண இழப்பு, உண்மையானால் நாட்டின் உடைமையைத் திருடுவதற்குத் துணை போவது. அதற்குப் பதிலாக, வடக்கே செஜ்னான் ஊர்ப் பெண்கள் செய்யும் மண்பாண்டம் ஒன்று வாங்குங்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கைத்திறன் அது. சக்கரம் இல்லை, சூளை இல்லை. கையாலேயே உருவாக்கித் திறந்த நெருப்பில் சுடுகிறார்கள். கும்பார்வாடாவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, விளிம்பில் கை போன போக்கும் தீ தொட்ட இடத்துக் கருமையும் தெளிவாகத் தெரியும். குறைந்த சூட்டில் வெந்த மண் என்பதால் எளிதில் உடையும். துணியில் சுற்றி, கைப்பையிலேயே வைத்து விமானத்துக்குள் எடுத்து வாருங்கள்.