அன்னா மன்யானியை எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது

இத்தாலிய நடிகை அன்னா மன்யானியின் படங்களைப் பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ‘ரோமா சித்தா அபெர்தா’வைத்தான் முதலில் போடுவார்கள். 1945இல் வந்த, இயக்குநர் ரொசெலினியின் அந்தப் படம்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது என்பதால் அது இயல்புதான். ஆனால் அதில் மன்யானி ஏற்ற பீனா பாதிப் படத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறாள். அந்த முகத்துக்கு இன்னும் பழகாத கண்ணுக்கு அது கதையில் ஒரு திருப்பமாக மட்டுமே படும். ஆளை முதலில் பழகிக்கொண்டால்தான் அந்த இழப்பு உறைக்கும். அதனால் 1951இல் விஸ்கோந்தி எடுத்த ‘பெல்லீசிமா’விலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1908 மார்ச் 7 அன்று பிறந்தவர். ரோமில் பாட்டி வீட்டில் வளர்ந்தார், அங்கேயே நாடகப் பள்ளியில் படித்தார், இரவு விடுதிகளில் பாடினார். 1940களின் தொடக்கத்தில் நகைச்சுவை நடிகர் தோத்தோவுடன் பாட்டும் கூத்தும் கலந்த மேடை நிகழ்ச்சிகளில் நடித்தார். எதிரே இருக்கும் கூட்டத்தை அந்தந்த நொடியில் கட்டிப்போடும் பழக்கம் அங்கே வந்ததுதான். திரையில் அவர் ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறார், எங்கே சிரிப்பை உடைக்கிறார் என்று கவனித்தால் அந்த மேடை தெரியும்.

படம் தேடும்போது பெயர்க் குழப்பம் நிறைய வரும். ‘ரோமா’ என்று மட்டும் தேடினால் 2018இல் வந்த மெக்சிகோ படம் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டிய ‘ரோமா’ 1972இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினி எடுத்தது. ‘மம்மா ரோமா’ வேறு, 1962இல் பசோலினி எடுத்தது. ‘இல் மிராக்கொலோ’ தனிப் படம் அல்ல, 1948இல் வந்த ‘லாமோரே’யின் இரண்டாம் பாதி. அதைத் தேடப்போய் தெ சிகாவின் ‘மிராக்கொலோ அ மிலானோ’வை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் மன்யானி இல்லை. பெயரோடு ஆண்டையும் இயக்குநரையும் சேர்த்தே தேடுங்கள்.

இத்தாலியப் படங்களுக்குப் பிரதி எதுவானாலும் ஒலி இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கில டப்பிங் என்றால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் மன்யானியில் பாதி அவருடைய குரல். அவர் பேசுவது பாடப்புத்தக இத்தாலி அல்ல, ரோமின் தெருப் பேச்சு. ‘நோன்’ என்பது ‘நுன்’ ஆகும், ‘அந்தியாமோ’ என்பது ‘அன்னாமோ’ ஆகும். இந்த இரண்டையும் காது பிடித்துக்கொண்டாலே, எந்த இடத்தில் அவர் தன் பேட்டைப் பெண்ணாகப் பேசுகிறார், எந்த இடத்தில் மேல்தட்டுக்காரர் முன் நாக்கைத் திருத்திக்கொள்கிறார் என்பது புரியும். சப்டைட்டில் இதைக் காட்டவே காட்டாது. உதடும் ஒலியும் சில இடங்களில் ஒட்டாமல் போகும். அதைக் கோப்பின் கோளாறு என்று நினைத்துப் பிரதி மாற்ற வேண்டாம். அந்தக் கால இத்தாலியில் வசனத்தைப் படப்பிடிப்புக்குப் பிறகு பதிவது சாதாரண வழக்கம்.

இப்போது ‘பெல்லீசிமா’. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுச் சம்பாதிக்கும் மத்தலேனா, தன் சின்ன மகளை எப்படியாவது சினிமாவில் சேர்த்துவிடத் துடிக்கிறாள். நிஜ இயக்குநர் பிளசெத்தி பிளசெத்தியாகவே வருகிறார், ரோமின் சினிசித்தா ஸ்டூடியோவும் சினிசித்தாவாகவே வருகிறது. சிபாரிசுக்கென்று அவள் கொடுக்கும் 50,000 லீராவை வாங்கிய ஆள் அதில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறான். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். முடிந்ததும் இரண்டு இடங்களுக்குத் திரும்பிப் போங்கள்.

ஒன்று, கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டே நடிப்பு என்றால் என்ன என்று அவள் தனக்குத்தானே யோசிக்கும் இடம். இரண்டாவது, மகளின் ஒத்திகைப் படத்தைப் போட்டுப் பார்த்து ஸ்டூடியோ ஆட்கள் சிரிக்கும்போது, புரொஜெக்டர் அறைச் சின்ன ஜன்னல் வழியாகத் தாயும் மகளும் அதைப் பார்க்கும் இடம். இந்த இரண்டாவது இடத்தை மூன்று முறை ஓட்டுங்கள்: ஒரு முறை இயல்பாக, ஒரு முறை ஒலியை அணைத்து, ஒரு முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். மன்யானியைக் ‘கத்துகிற நடிகை’ என்று முத்திரை குத்துவது பெரிய தவறு என்பது ஒலியை அணைத்த முறையில் தெரிந்துவிடும். படம் முழுக்க ஓயாமல் பேசியவள் அங்கே வாயடைத்து நிற்கிறாள். அவருடைய சத்தமெல்லாம் இப்படி ஒரு மௌனத்துக்கு வந்து சேரத்தான்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ ‘ரோமா சித்தா அபெர்தா’. மங்கலான பழைய பிரதிகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, புதுப்பித்த பிரதியாகத் தேடி எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையின் பிடியிலிருந்து ரோம் விடுதலையானது 1944 ஜூனில், படப்பிடிப்பு தொடங்கியது 1945 ஜனவரியில். அதாவது அந்தத் தெருக்களில் ஜெர்மன் பூட்ஸ் சத்தம் அடங்கி ஏழே மாதம். 1944 மார்ச் 3 அன்று ரோமில் சுட்டுக் கொல்லப்பட்ட தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணிதான் பீனாவுக்கு மூலம். பீனா ஓடும் காட்சியைக் கட்டம் கட்டமாக நிறுத்திப் பாருங்கள். பிடித்து நிறுத்தும் சிப்பாயை அறைந்து தள்ளுகிறாள், வளைவைத் தாண்டித் தெருவுக்கு வருகிறாள், ‘ஃப்ரான்செஸ்கோ’ என்று தன் காதலன் பெயரைக் கத்திக்கொண்டே, ஒரு கையைத் தூக்கியபடி, அவனை ஏற்றிச் செல்லும் லாரியைத் துரத்துகிறாள், வெடிச்சத்தம், விழுகிறாள். அழகாக விழும் நடிகையின் விழுதல் அல்ல அது, ஓட்டம் நடுவில் அறுந்துபோகிற விழுதல். பிறகு பாதிரியாரின் மடியில் கிடக்கும் அந்த உடலுக்குக் கேமரா அதிக நேரம் கொடுப்பதில்லை. அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

மூன்றாவது ‘லாமோரே’. முதல் பாதி ‘உனா வோச்சே உமானா’வில் ஓர் அறை, ஒரு பெண், ஒரு டெலிபோன், ஒரு நாய், அவ்வளவுதான். கைவிட்டுப் போகும் காதலனோடு அரைமணி நேரத்துக்கு மேல் பேசுகிறாள். இதைப் போனில் சின்னத் திரையில் பார்க்க வேண்டாம், முகத்தின் நுணுக்கம் தொலைந்துவிடும். இரண்டாம் பாதியான ‘இல் மிராக்கொலோ’வில் ஆடு மேய்க்கும் அப்பாவிப் பெண், வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிவிடுகிறாள். அந்த வழிப்போக்கனாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வருபவர் ஃபெலினி. இந்த இரண்டாம் பாதியை நியூயார்க் மாநிலம் தடுத்த வழக்கில்தான், 1952இல் சினிமாவுக்கும் கருத்துரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘த ரோஸ் டாட்டூ’ 1955. அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸ் மன்யானியை மனதில் வைத்து எழுதிய நாடகம். தன் ஆங்கிலம் போதாது என்று மேடையில் நடிக்க மறுத்தவர், திரையில் நடித்து ஆஸ்கர் வாங்கினார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் இத்தாலியர் இவரே. எதிரில் பர்ட் லங்காஸ்டர். ‘பெல்லீசிமா’வின் கடைசியில் பக்கத்துத் திறந்தவெளித் தியேட்டரிலிருந்து மத்தலேனாவின் காதில் விழுவது இதே லங்காஸ்டரின் குரல்தான். வரிசையாகப் பார்த்தால் கிடைக்கும் சந்தோஷம் இது. படமாக மற்றவற்றுக்கு ஒரு படி கீழேதான், ஒரு முறை பார்த்தால் போதும்.

‘மம்மா ரோமா’வுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அன்றைக்கு வேறு படம் வேண்டாம். பாலியல் தொழிலை விட்டுவிட்டுக் காய்கறிக் கடை போட்டு, மகனை ஆளாக்கப் பார்க்கும் தாயின் கதை. தொடக்கக் கல்யாண விருந்தில் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்து, எதிர்ப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டாக அவர் பாடும்போது பழைய மேடைக்காரி முழுசாக வெளியே வருகிறார். இரவுத் தெருவில் அவர் நடந்துகொண்டே பேசும் நீண்ட காட்சி இரண்டு முறை வரும். கேமரா அவருக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகிறது. இருட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து கூட நடக்கிறார்கள், விலகுகிறார்கள், பேச்சு மட்டும் நிற்பதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். முதலாவதில் அந்த நடையில் விடுதலையாகிவிட்ட துள்ளல் இருக்கும். இரண்டாவதில் அதே தெரு, அதே விளக்குகள், கால்கள் மட்டும் கனத்திருக்கும்.

கடைசியாக ஃபெலினியின் ‘ரோமா’, அதிலும் இறுதிச் சில நிமிடங்கள் மட்டும் இப்போதைக்குப் போதும். இரவில் வீடு திரும்பும் மன்யானியை ஃபெலினியின் குரல் பின்தொடர்கிறது, இந்த நகரத்தின் அடையாளமே நீங்கள்தான் என்கிறது. உன்னை நம்ப மாட்டேன், போய்த் தூங்கு என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். சினிமாவில் அவர் கடைசியாகத் தோன்றியது அதுதான். 1973 செப்டம்பர் 26 அன்று ரோமிலேயே காலமானார்.