சந்தையின் ஏற்ற இறக்கத்தில் தடுமாறாத திட்டம்: தம்பதியர் சேர்ந்து வகுப்பது எப்படி?

பங்குச்சந்தை சரியும் நாளில் கணவனும் மனைவியும் ஒரே செய்தியைப் படித்தாலும், இருவருக்கும் ஒரே எண்ணம் எழுவதில்லை. ஒருவருக்கு இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு வெளியேறத் தோன்றும். மற்றவருக்கோ விலை இறங்கியிருக்கும்போதே இன்னும் வாங்கிவிடத் தோன்றும். இவற்றுள் எது சரி என்று அன்றைக்கு வாதிடுவதால் பயனில்லை, ஏனெனில் அச்சமும் ஆசையும் மேலோங்கிய வேளையில் கணக்கு காதில் ஏறாது. ஆகவே சந்தை அமைதியாக இருக்கும் ஒரு நாளில் இருவரும் சேர்ந்து அமர்ந்து திட்டத்தை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் இருவருடைய வருமானம், சேமிப்பு, கடன் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். திருமணத்துக்கு முன் வாங்கிய கடன், நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து, பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகை என்று சொல்லத் தயங்குபவையும் அதில் இடம்பெற வேண்டும். மறைத்த கடன் ஒன்று பின்னாளில் வெளிப்பட்டால், பண இழப்பைவிட நம்பிக்கை இழப்பே பெரிதாக வலிக்கும்.

அடுத்து, பணத்தை அது தேவைப்படும் காலத்தைக் கொண்டு பிரியுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருக்கட்டும். ஒருவர் மட்டுமே சம்பாதித்தாலோ, இருவரும் ஒரே துறையில் பணிபுரிந்தாலோ, அதை ஓராண்டுச் செலவாக உயர்த்துவதே என் பரிந்துரை. பொருளாதார மந்தநிலையில் வேலை இழப்பும் பங்கு விலைச் சரிவும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், கையில் பணம் இல்லாதவர்கள் மிகக் குறைந்த விலைக்குப் பங்குகளை விற்க நேரிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடாதீர்கள். அதிக வட்டிக் கடன், குறிப்பாகக் கிரெடிட் கார்டு நிலுவை இருந்தால், அதை அடைப்பதே முதல் முதலீடு.

இனி, இருவரும் மனம்விட்டுப் பேச வேண்டிய கேள்விக்கு வருவோம்: எவ்வளவு நஷ்டத்தை உங்களால் தாங்க முடியும்? அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 2007 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை ஏறத்தாழ 57 விழுக்காடு சரிந்தது. பழைய உச்சத்தைத் தொட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் அதே குறியீட்டெண் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குள் சுமார் 34 விழுக்காடு விழுந்து, ஆகஸ்டிலேயே மீண்டுவிட்டது. ஜப்பானின் நிக்கேய் குறியீட்டெண்ணோ 1989 டிசம்பரில் எட்டிய உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. எந்தச் சரிவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது என்பதால், ஒரே நாட்டின் சந்தையில் எல்லாவற்றையும் வைக்காதிருப்பது நல்லது.

இந்தக் கேள்வியை விழுக்காட்டில் கேட்காமல் தொகையாகக் கேளுங்கள். “30 விழுக்காடு இறங்கினால் பரவாயில்லையா?” என்றால் பலரும் தலையசைப்பார்கள், “நாம் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் ஒரே மாதத்தில் கரைந்தால் உனக்கு உறக்கம் வருமா?” என்றால் உண்மையான விடை வரும். நஷ்டத்தின் வலி அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட மிகுந்தது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். ஆகவே இருவருள் அதிகம் அஞ்சுபவரைக் கோழை என்று எண்ணாதீர்கள். பங்குகளில் போடும் பணத்தை அவரால் தாங்கக்கூடிய அளவுக்கே வையுங்கள். இதனால் லாபம் சற்றுக் குறையலாம், ஆனால் சரிவின் நடுவில் ஒருவருடைய பதற்றத்தால் முழுத் திட்டமும் கலைவதற்கு இது எவ்வளவோ மேல்.

மொத்தப் பணத்தில் பங்குகளில் எவ்வளவு, பாதுகாப்பானவற்றில் எவ்வளவு என்ற விகிதத்தை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தப் பணம் 100 என்றால், அதில் 60 பங்குச்சந்தையிலும் 40 கடன்பத்திரம், வைப்புத்தொகை போன்றவற்றிலும் இருப்பதாகக் கொள்வோம். சந்தை 30 விழுக்காடு சரிந்தால் 60 என்பது 42 ஆகும், மொத்தம் 82. இப்போது பங்குகளின் விகிதம் ஏறத்தாழ 51 விழுக்காடுதான். பழைய விகிதத்துக்குத் திரும்ப, பாதுகாப்பான பகுதியிலிருந்து சுமார் 7 எடுத்துப் பங்குகளை வாங்க வேண்டும். மாறாக, சந்தை 50 விழுக்காடு ஏறினால் 60 என்பது 90 ஆகி, பங்குகளின் விகிதம் 69 விழுக்காட்டைத் தொடும். அப்போது 12 அளவுக்கு விற்க வேண்டும். விகிதம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் விலகினால் மட்டும் சரிசெய்வது என்று வைத்துக்கொண்டால் போதும். முடிந்தவரை புதிய சேமிப்பைக் குறைந்துள்ள பகுதியில் போட்டுச் சரிசெய்தால், விற்பதால் வரும் வரியும் கட்டணமும் மிச்சமாகும்.

இதனுடன் ஒரு நிபந்தனையையும் சேருங்கள்: திட்டத்தில் இல்லாத எதையும் ஒருவர் மட்டும் முடிவெடுத்து வாங்கவோ விற்கவோ கூடாது, இருவரும் ஒப்பினாலும் மூன்று நாள் கழித்தே செயல்படுத்த வேண்டும். சந்தை சூடுபிடித்து, தெரிந்தவர்களெல்லாம் லாபக் கதை சொல்லும் காலத்திற்கும் இது பொருந்தும். அதே வேளையில் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்காத ஒரு சிறு மாதத்தொகையை ஒதுக்குங்கள். சொந்த ஆசைக்குக்கூட அனுமதி கேட்கும் நிலை நெடுநாள் நீடிக்காது.

முதலீடுகளை ஒருவரே கவனித்தாலும், கணக்குகளின் பட்டியலும் காப்பீட்டு ஆவணங்களும் எங்கே உள்ளன என்பது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணத்தைப் பெறுபவராகக் குறிக்கப்பட்ட நியமனதாரர் (நாமினி) பெயர் சரியாக உள்ளதா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் பழைய பெயரே நீடிப்பது உண்டு.

ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்து, அன்று இந்தத் தாளை மீண்டும் எடுங்கள். குழந்தை பிறந்தது, வேலை போனது, ஓய்வுக்காலம் நெருங்கியது என்று வாழ்க்கை மாறியிருந்தால் விகிதத்தையும் மாற்றலாம். சந்தை மட்டும் மாறியிருந்தால் எழுதியபடியே விடுங்கள். மாற்றினால் தேதியையும் காரணத்தையும் அதே தாளில் குறித்து, இருவரும் கையொப்பமிடுங்கள்.