தாதியக் கலாநிதிப் படிப்பின் தர மேம்பாட்டுச் செயற்றிட்டத்தை நம் வைத்தியசாலைகளில் செய்து முடித்தல்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் தாதியத் தொழில்முறைக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவுசெய்து, அதன் இறுதிச் செயற்றிட்டத்தைத் தாம் பணியாற்றும் மட்டக்களப்பு அல்லது அம்பாறை மாவட்ட வைத்தியசாலையிலேயே செய்ய விரும்பும் தாதியருக்காக இதை எழுதுகிறேன். உயர்நிலைத் தாதியப் பணிக்கான கல்வி கலாநிதி நிலைக்கு உயர வேண்டும் என்று அமெரிக்கத் தாதியக் கல்லூரிகள் சங்கம் 2004ஆம் ஆண்டில் நிலைப்பாடு எடுத்த பின்னர் பரவிய இப்பட்டம், ஆய்வுக் கலாநிதிப் பட்டத்திலிருந்து வேறானது. ஆய்வுப் பட்டம் புதிய அறிவைத் தேடுகிறது. இப்பட்டத்தின் செயற்றிட்டமோ, ஏற்கெனவே நிறுவப்பட்ட அறிவை ஒரு விடுதியின் அன்றாடப் பணிக்குள் கொண்டுவந்து நிலைபெறச் செய்கிறது. ஆகவே நீண்ட வினாக்கொத்தும் பெரிய மாதிரியும் வேண்டாம்; ஒரு விடுதியும், ஒரு குறையும், அடிக்கடி எடுக்கப்படும் ஓர் அளவீடும் போதும்.

குறையைத் தெரிவுசெய்யும்போது அது உங்கள் மேற்பார்வையாளருக்குப் பிடித்ததா என்பதைவிட, விடுதியின் பொறுப்புத் தாதிக்கு அது உண்மையான தொல்லையா என்பதையே முதலில் கேளுங்கள். உதாரணமாக, மருத்துவ விடுதியில் முதன்முறையாக இன்சுலின் தொடங்கப்பட்ட நோயாளர், மருந்தைச் சரியான அளவில் ஊசியில் எடுக்கத் தெரியாமலேயே வீடு செல்வதை எடுத்துக்கொள்வோம். வாகரைக்கோ வெல்லாவெளிக்கோ திரும்பிப்போன ஒருவர் சந்தேகம் வந்தவுடன் விடுதிக்கு ஓடிவர இயலாது என்பதால், இக்குறை நம் பகுதியில் மிகவும் பாரதூரமானது.

அனுமதி பெறுவதற்குப் போதிய காலம் ஒதுக்குங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இயங்குகிறது. ஆதார வைத்தியசாலைகள் பலவோ மாகாண நிருவாகத்துக்கு உட்பட்டவை. அம்பாறை மாவட்டத்துக்குள் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகள் இருப்பதால், உங்கள் வைத்தியசாலை எதற்குள் வருகிறது என்பதை உறுதிசெய்த பின்னரே கடிதம் எழுதுங்கள். தர மேம்பாட்டுப் பணி ஆய்வு அல்ல என்று நீங்களாகவே முடிவெடுத்துவிடக் கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கியப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் நெறிமுறை மீளாய்வுக் குழு உண்டு. அத்தகைய குழுவிடமிருந்தும் உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்தும் எழுத்துமூல முடிவு கிடைத்த பிறகே தரவு சேகரிக்கத் தொடங்குங்கள்.

அடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: எதை அடைய விரும்புகிறோம், ஏற்பட்ட மாற்றம் முன்னேற்றம்தான் என்பதை எப்படி அறிவோம், எந்த மாற்றங்களைச் செய்து பார்க்கலாம். முதற் கேள்விக்கான விடையில் எவர், எவ்வளவு, எப்போதைக்குள் என்பவை இருக்க வேண்டும். இன்சுலின் உதாரணத்தில், ஆறு மாதத்துக்குள் புதிதாக இன்சுலின் தொடங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேராவது, வீடு செல்லுமுன் தாதியின் முன்னிலையில் சரியான அளவை எடுத்துக் காட்ட வேண்டும் என்று எழுதலாம். அதுவே விளைவு அளவீடு. செய்து காட்டச் சொன்னதாக நோயாளர் பதிவேட்டில் குறிக்கப்பட்டவர்களின் விகிதம் செயன்முறை அளவீடு. இதனால் நோயாளர் வீடு செல்வது தாமதமாகிறதா என்று பார்ப்பது சமநிலை அளவீடு. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் விடுதியின் நம்பிக்கையைக் காப்பது இதுதான்.

திட்டமிடு, செய், ஆராய், செயற்படு என்னும் சுழற்சியில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. முதற் சுழற்சியை ஒரு தாதி, ஒரு நோயாளர், ஒரு கடமைமுறை என்ற அளவுக்குச் சுருக்குங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைச் செய்வதற்கு முன்பே எழுதிவையுங்கள், ஏனெனில் எதிர்பார்ப்பும் நடந்ததும் விலகும் இடத்தில்தான் கற்பதற்கு விடயம் கிடைக்கிறது. காலையில் நோயாளருக்குக் கற்பிப்பதாகத் திட்டமிட்டிருப்பீர்கள். ஆனால் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துப் பெற்றோர் அவளோடு வாழும் வழக்கமுள்ள நம் ஊர்களில், ஊசி போடப்போவது அந்த மகளாகவே இருக்கலாம், அவளோ பார்வையாளர் நேரத்தில் மட்டுமே வருவாள். அப்படியானால் அடுத்த சுழற்சியில் கற்பித்தலைப் பார்வையாளர் நேரத்துக்கு மாற்றுங்கள். அதற்கடுத்ததில் பக்கத்து விடுதி, பின்னர் இரவுக் கடமை எனப் படிப்படியாக விரியுங்கள். அம்பாறை நகர்ப்புற விடுதிகளில் விளக்கத் துண்டு சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும்.

அளவீட்டை முன்னர், பின்னர் என்ற இரண்டு எண்களாகச் சுருக்கிவிடாதீர்கள். கால ஒழுங்கில் புள்ளிகளை இட்டு, நடுவே இடையக் கோடு, அதாவது பாதிப் புள்ளிகள் மேலேயும் பாதி கீழேயும் அமையும் கோடு, வரையுங்கள். மாற்றத்துக்கு முன் பத்துப் புள்ளிகளேனும் இருப்பது நல்லது. சரியாகக் கோட்டிலேயே விழும் புள்ளிகளை எண்ணாமல், ஒரே பக்கத்தில் தொடர்ந்து 6 புள்ளிகள் அமைந்தாலோ, தொடர்ந்து 5 புள்ளிகள் ஏறினாலோ இறங்கினாலோ, அது தற்செயலாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. சிறிய வைத்தியசாலையில் வாரத்துக்குப் போதிய நோயாளர் கிடைக்காவிட்டால், அடுத்தடுத்து வரும் ஐந்து நோயாளரை ஒரு புள்ளியாகக் கொள்ளலாம்.

வரைபடத்தில் பருவங்களையும் குறியுங்கள். வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் டெங்கு நோயாளரால் விடுதி நிரம்பும்போது கற்பித்தல் பின்தள்ளப்படும். பெரும்போக அறுவடை நாட்களில் வயலுக்குப் போக வேண்டிய நோயாளர் சீக்கிரம் வீடு செல்லக் கேட்பார்கள். ரமழானில் நோன்பு நோற்பவர்களுக்கு மருந்து நேரமும் அளவும் வைத்தியரின் ஆலோசனைப்படி மாறும் என்பதால் கற்பிக்கும் உள்ளடக்கமே வேறாகும். ஐப்பசியில் எடுத்த தொடக்க அளவீட்டைத் தை மாத அளவீட்டோடு மட்டும் ஒப்பிட்டு வெற்றி, தோல்வி என்று எழுதுவது நேர்மையான முடிவாகாது.

அறிக்கைக்கு, தர மேம்பாட்டுப் பணிகளை எப்படி எழுத வேண்டும் என்று கூறும், 2015இல் திருத்தி வெளியிடப்பட்ட ஸ்குவயர் 2.0 (SQUIRE 2.0) வழிகாட்டலைப் பின்பற்றுங்கள். அது சூழலை விரிவாக விவரிக்கச் சொல்வதால், மேலே சொன்ன பருவ விபரங்களுக்கும் குடும்ப அமைப்புக்கும் அங்கே உரிய இடம் உண்டு. பயனளிக்காத சுழற்சிகளையும் மறைக்காமல் எழுதுங்கள். நோயாளரின் பெயரோ கட்டில் இலக்கமோ எந்தத் தாளிலும் வரக் கூடாது.

பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை போகுமுன் விடுதிக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள், வைத்தியசாலையின் தர முகாமைத்துவப் பிரிவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வருடாந்த இடமாற்றத்தில் பயிற்சி பெற்ற தாதியர் போய்விடுவார்கள். ஆகவே புதிதாக வருவோருக்கான அறிமுகப் பயிற்சியில் இக்கற்பித்தல் முறையைச் சேர்க்குமாறு பொறுப்புத் தாதியுடன் பேசி முடிவுசெய்து, நீங்கள் இல்லாத மாதத்தில் புள்ளியை இடப்போவது யார் என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.