முதலில் மலை, பிறகு ஊர்

யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு தாயகம் போகிறவர்களுக்கு மலைநாட்டில் நடக்கும் ஆசை இருந்தால், கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு மேலே ஏறிவிடுங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு ஆறுதலாக மலைக்குப் போகலாம் என்றுதான் 2025 யூலையில் நானும் நினைத்தேன். மலைக்கென்று ஆறு நாள் வைத்திருந்தேன். மிஞ்சியது ஒன்றரை நாள்.

யூலையில் தென்மேற்குப் பருவமழை. அட்டன், தலவாக்கலைப் பக்கம் நீர்வீழ்ச்சிகள் நிரம்பி விழும், பாதைகள் வழுக்கும், அட்டை கடிக்கும். அதே நாளில் மலையின் மறுபக்கம், அப்புத்தளை, கொஸ்லந்தை எல்லாம் காய்ந்து காற்றடிக்கும். 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி அப்போது கீழே நின்று பார்த்தால் நூல்மாதிரித்தான். ஆனால் பூனாகலைப் பக்கத்தால் நடந்து உச்சிக்குப் போனால் பாறைக் குழிகளில் குளிக்கலாம். தண்ணீர் குறைந்த காலம் அதற்குத் தோது. மேலே வானம் இருண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் இறங்கிவிடுங்கள். பக்கத்திலேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலிலும் பல இடங்களில் பாதையும் தண்டவாளமும் சரிந்தன. இனிப் போகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

தியலுமவுக்கு நான் போனது கலியாணத்துக்கு முன். இந்தமுறை போக முடியவில்லை. காரணம், ஊரில் ஒரு கந்தோர்.

"ஒரு கையெழுத்துத்தானே தம்பி, அரைமணித்தியால வேலை" என்றார் மாமா. அம்மம்மாவின் வளவில் மச்சாள் வீடு கட்ட வங்கிக் கடன் எடுக்கிறாள், பங்குக்காரர் சம்மதிக்க வேண்டும். செவ்வாய் காலை போனோம். கிளாக்கர் லீவு. புதன் இருந்தார். காணி உறுதியையும் என் கனடாக் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உறுதியில் அப்பாவின் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். எழுத்துக்கூட்டலும் வேறு. "நீங்கள்தான் இவர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி, ஐயா?" மரியாதையாகத்தான் கேட்டார். 9 இலக்கப் பழைய அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மீசை முளைக்காத ஒரு பெடியன் அதில் முழித்துக்கொண்டு நின்றான். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராமசேவகரிடம் கடிதம், எல்லாவற்றிலும் மூன்று போட்டோக் கொப்பி. சரி, நாளைக்கு வாறம் என்றேன். நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. யூலை 10, வியாழன், கந்தோர் பூட்டு. (கலண்டரில் போயா நாளைப் பார்த்துவிட்டு ரிக்கற் எடுங்கள். முப்பது வருசம் வெளியே இருந்தவனுக்கு அது மறந்துபோகும்.) வெள்ளி பதினொன்றரைக்குக் கையெழுத்து வைத்தேன். உண்மையில் அரை நிமிச வேலை.

உங்களுக்கும் இப்படி ஒரு வளவு இருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலேயே அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) முடித்து அனுப்பிவிடுங்கள். மாமா இரண்டு வருசமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர். நான்தான் பிறகு பார்ப்போம் என்று விட்டது.

அன்று பின்னேரம் புறப்பட்டு நள்ளிரவுக்குத்தான் நுவரெலியா. சனிக்கிழமை ஹோர்ட்டன் சமவெளி வாசல் 6 மணிக்குத் திறக்கும்போது நாங்கள் நித்திரை. அங்கே போத்தலில் ஒட்டிய பிளாஸ்டிக்கையும் கிழித்து எடுத்துவிடுவார்கள், கடதாசிப் பையில் சாப்பாடு கட்டுங்கள். வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர்கள் பழைய அட்டையை நீட்ட வேண்டாம். நான் நீட்டவில்லை, கந்தோரில் அந்தப் பெடியன் பட்டது போதும்.

சுற்றிவர 9 கிலோமீற்றருக்கு மேல் நடை. உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்புக்கு ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகு பெரும்பாலும் பனிப்புகார் மூடிவிடும். நாங்கள் போனது பதினொன்றுக்கு. முன்னால் வெள்ளைத் துணி தொங்கவிட்டமாதிரிப் புகார். "இதுதான் முடிவா?" என்று மகன் கேட்டான். பேக்கர் நீர்வீழ்ச்சியில்தான் அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

ஊரிலிருந்து வெளிக்கிடும்போது மாமா படலை வரைக்கும் வந்தார். எழுபத்து நாலு வயது, நுவரெலியாவை ஒருநாளும் கண்டதில்லை. போகக்கூடிய வயதில் போரால் பாதை பூட்டு, பாதை திறந்தபோது அம்மம்மா படுக்கையில். "அந்த உலக முடிவு எண்டது என்ன மாதிரி இடம்?" என்று கேட்டார். படம் அனுப்புகிறேன் என்றேன். ஏழு பேர் இருக்கக்கூடிய வான். நாங்கள் நாலு பேர். பின் இருக்கை முழுக்கப் பைகளை வைத்திருந்தோம்.