பெருவைத் தரைவழியே சுற்றிப் பார்க்கத் திட்டமிடுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பெரு நாட்டின் வரைபடத்தைப் பார்த்தால் பயணப் பாதை எளிதாகவே தோன்றும். மேற்கே பசிபிக் கடலோரப் பாலைவனம், நடுவே ஆண்டிஸ் மலைத்தொடர், கிழக்கே அமேசான் காடு என நாடு மூன்று பட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் பேருந்தில் ஒரே இரவில் கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட முடியும் என்பதால், தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன் உயரத்தைக் கணக்கிட வேண்டும் என்பதே இந்த விளக்கத்தின் அடிப்படை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மலைப்பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழையில் நிலச்சரிவால் சாலைகள் அடைபடுவது உண்டு. மச்சு பிச்சு என்னும் பழைய இன்கா நகரத்துக்கு இட்டுச்செல்லும் புகழ்பெற்ற இன்கா நடைபாதை பிப்ரவரி மாதம் முழுவதும் பராமரிப்புக்காக மூடப்படும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி என்னும் சூரிய விழா நடைபெறுவதால் அந்த வாரத்தில் அறைகள் கிடைப்பது அரிது. கூட்டமும் மழையும் குறைந்திருக்கும் மே மாதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

படி 2: இரவு தங்கும் ஊர்களின் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

லிமா கடலோர நகரம். அரேகிப்பா ஏறக்குறைய 2,335 மீட்டர், மச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறும் ஊரான ஒய்யன்தைதாம்போ 2,800, குஸ்கோ 3,400, தித்திகாகா ஏரிக்கரையிலுள்ள பூனோ 3,830 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மச்சு பிச்சுவோ 2,430 மீட்டரில், குஸ்கோவைவிடத் தாழ்வாகவே அமைந்துள்ளது. அரேகிப்பாவின் உயரம் நம் உதகமண்டலத்தை ஒத்தது என்பதால் அங்கே பெரும்பாலோருக்குத் தொல்லை இராது. அதற்கு மேலேதான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றோடு உள்ளூர் மக்கள் சொரோச்சே என்றழைக்கும் மலைநோய் தொடங்கும்.

மூவாயிரம் மீட்டரைக் கடந்த பின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. பேருந்துப் பயணத்தில் இதை அப்படியே கடைப்பிடிப்பது கடினமாயினும், ஊர்களின் வரிசையை மாற்றுவதன் மூலம் பெருமளவு நெருங்கிவிடலாம். மலைநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதிகளில் தரப்படும் கோகா இலைத் தேநீரை அங்கேயே அருந்தலாம். அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றமாகும்.

படி 3: பாதையை வகுத்திடுங்கள்

லிமாவிலிருந்து தெற்கே பராக்காஸ், இக்கா, நாஸ்கா வழியாகக் கடலோரப் பாலைவனத்தைக் கடந்து அரேகிப்பாவுக்கு ஏறுங்கள். பாலைவனத் தரையில் பழங்காலத்தில் வரையப்பட்ட பிரம்மாண்ட உருவங்களான நாஸ்கா கோடுகளைச் சிறு விமானத்திலிருந்து பார்க்க விரும்பாதவர்கள், பான்அமெரிக்கன் நெடுஞ்சாலையோரம் உள்ள கோபுரத்தில் ஏறி இரண்டு மூன்று உருவங்களைக் காணலாம். சிக்கனமாகப் பயணம் செய்பவருக்கு அது போதும்.

அரேகிப்பாவில் மூன்று இரவுகளேனும் தங்குங்கள். கோல்கா பள்ளத்தாக்கில் காலை வெயிலில் எழும் வெப்பக் காற்றில் காண்டோர் கழுகுகள் மிதந்து வருவதைக் காணலாம். அங்கே செல்லும் சாலை 4,900 மீட்டர் உயரக் கணவாயைக் கடப்பதால், அரேகிப்பாவுக்கு வந்த மறுநாளே கிளம்ப வேண்டாம்.

பலரும் அடுத்துப் பூனோவுக்குச் சென்று, அதன்பின் குஸ்கோவுக்கு வருகின்றனர். வரைபடத்தில் அது நேர்த்தியாக இருந்தாலும், உடலுக்கு அது ஒரே தாவலில் 1,500 மீட்டர் ஏற்றம். அரேகிப்பாவிலிருந்து குஸ்கோவுக்குப் பேருந்தில் சென்று, அங்கே தங்காமல் அன்றே ஒய்யன்தைதாம்போவுக்கு இறங்கிவிடுவதும், மச்சு பிச்சுவைப் பார்த்தபின் குஸ்கோவில் தங்குவதும், பூனோவைக் கடைசியில் வைத்துக்கொள்வதும் மேலானது என்பது என் கருத்து. பூனோவுக்கு அருகிலுள்ள ஹுலியாகா விமான நிலையத்திலிருந்து லிமாவுக்குத் திரும்பலாம்.

காட்டைக் காண விரும்புவோர் குஸ்கோவிலிருந்து சாலைவழியே புவேர்த்தோ மால்தோனாதோவுக்கு இறங்கலாம். ஆனால் மூன்று வாரப் பயணத்தில் ஏரி, காடு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நிதானமானது. அமேசான் காட்டிலுள்ள இக்கித்தோஸ் நகருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. படகிலோ விமானத்திலோதான் செல்ல முடியும்.

படி 4: மச்சு பிச்சு நுழைவுச்சீட்டை முதலில் வாங்குங்கள்

நுழைவுச்சீட்டு நாள், நேரம், சுற்றுப்பாதை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கடவுச்சீட்டு எண்ணுடன் வழங்கப்படுகிறது. வறண்ட காலத்தில் இது வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். அடிவாரத்திலுள்ள அகுவாஸ் காலியெந்தெஸ் ஊருக்கு வெளியிலிருந்து சாலை இல்லாததால், ஒய்யன்தைதாம்போவிலிருந்து செல்லும் ரயிலுக்கும் உடனே முன்பதிவு செய்யுங்கள். மற்ற பேருந்துகளையும் அறைகளையும் இந்த ஒரு தேதியை மையமாக வைத்து முன்னும் பின்னும் அமைத்துக்கொள்ளலாம்.

படி 5: பேருந்தைத் தேர்ந்தெடுங்கள்

லிமாவில் பெரிய நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனி நிலையம் வைத்திருப்பதால், எந்த நிலையத்திலிருந்து வண்டி புறப்படும் என்பதைச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கைகளில் செமி காமா ஓரளவே சாயும். காமா ஏறக்குறையப் படுக்கையாகும். நாஸ்காவிலிருந்து அரேகிப்பாவரை இரவு முழுதும் நீளும் பயணத்துக்குக் காமாவுக்குச் செலவழிப்பது தகும். மலைச்சாலைகளில் பகல் வண்டி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

படி 6: ஆவணங்களும் உபரி நாட்களும்

அமெரிக்கா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சலுகை உண்டு. மற்றவர்கள் புதுதில்லியிலுள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் பெரு இருப்பதால், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும் என்பதால், கடைசி வாரத்துக்கு அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெருவின் தெற்கில் போராட்டங்களின்போது சாலைகளை மறிப்பது வழக்கம். 2022 டிசம்பரில் தொடங்கிய மறியல்களால் பூனோ, குஸ்கோ பகுதிகளில் போக்குவரத்து வாரக்கணக்கில் தடைபட்டது. ஆகவே குஸ்கோவுக்குப் பின் இரண்டு நாட்களைத் திட்டமின்றி விட்டுவைத்து, ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை லிமாவில் கழிக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.