உர மூட்டையை வைத்து எலக்ட்ரான் அமைப்பு எழுதிப் பழகலாம்

டெல்டாவில் நெல் போடும் வீடுகளுக்கு 17:17:17 காம்ப்ளக்ஸ் மூட்டை புதிதல்ல. அந்த மூன்று எண்களும் தழை, மணி, சாம்பல் சத்துகளைக் குறிக்கின்றன. அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். எலக்ட்ரான் அமைப்பு, அதாவது அணுவின் எந்தக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று எழுதிப் பழக இந்த மூன்றே போதும்.

முதலில் அணு எண்: நைட்ரஜன் 7, பாஸ்பரஸ் 15, பொட்டாசியம் 19. மின்சுமை இல்லாத அணுவில் எலக்ட்ரான்களும் அத்தனைதான்.

அடுத்து கூடுகள், அதாவது அணுவின் நடுவிலுள்ள உட்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகள். உட்கருவுக்கு மிக அருகில் உள்ளது 1, அதற்கு வெளியே 2 என்று எண் கொடுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை இரட்டித்தால் கூட்டின் கொள்ளளவு: 2, 8, 18, 32. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு கே, எல், எம், என் என்று பெயர். பொட்டாசியத்தின் குறியீடும் கே என்பதால், ஆரம்பத்தில் எண்ணிலேயே சொல்லிப் பழகுவது நல்லது.

அப்புறம் உள்ளிருந்து வெளியே நிரப்புங்கள். நைட்ரஜன் 2, 5. பாஸ்பரஸ் 2, 8, 5. இரண்டுக்கும் கடைசிக் கூட்டில் 5. தனிம வரிசை அட்டவணையில் இரண்டும் ஒரே தொகுதியில் இருக்கின்றன.

இனிதான் விஷயமே. மூன்றாம் கூட்டில் 18 இடம் இருக்கிறதே என்று பொட்டாசியத்துக்கு 2, 8, 9 எழுதக் கை போகும். ஆனால் விடை 2, 8, 8, 1. தலைமடை முழுதும் நிறையுமுன்பே கடைமடைக்குத் தண்ணீர் போன மாதிரி! கடைசிக் கூட்டில் 8-க்கு மேல் கூடாது என்பது 1921-இல் நீல்ஸ் போர், சார்லஸ் பரி என்ற விஞ்ஞானிகள் வகுத்த முறையில் ஒரு விதி. விதியை மனப்பாடம் செய்துவிட்டு நகராதீர்கள், காரணம் எளிதுதான். மூன்றாம் கூட்டுக்குள் 3எஸ், 3பி, 3டி என மூன்று துணைக்கூடுகள். முதல் இரண்டும் 8 எலக்ட்ரானில் நிறைந்துவிடும். மிச்சமுள்ள 3டி-யைவிட நான்காம் கூட்டின் 4எஸ் ஆற்றலில் தாழ்ந்தது. 19-ஆவது எலக்ட்ரான் அங்கே போய்விடுகிறது.

3டி-யில் உள்ள 10 காலி இடங்களும் ஸ்கேண்டியத்திலிருந்து (2, 8, 9, 2) நிரம்பத் தொடங்கும். வயலுக்குப் போடும் ஜிங்க் சல்பேட்டில் உள்ள துத்தநாகத்தில் (அணு எண் 30) எல்லாம் நிறைந்து 2, 8, 18, 2. நடுவில் குரோமியம், தாமிரம் இரண்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இப்போதைக்கு 20 வரை பழகினால் போதும்.

ஜிப்சத்தில் உள்ள கால்சியம் (20), கந்தகம் (16) இரண்டையும் நீங்களே எழுதிப் பாருங்கள். 2, 8, 8, 2 என்றும் 2, 8, 6 என்றும் வந்தால் சரி.