பிரைமரில் ஓட்டை விழுகிறதா? ஃபயரிங் பின்னில் இருந்து தொடங்குங்கள்

சுட்ட ரவைக் கோதின் பின்பக்கத்தில், பிரைமரின் (குத்தியதும் வெடிமருந்துப் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன உலோகக் கிண்ணம்) நடுவில் ஓட்டை தெரிந்தால் அடுத்த ரவையைச் சுடாதீர்கள். மெகஸினைக் கழற்றி, சேம்பர் (ரவை உட்காரும் அறை) வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, துவக்கைக் கீழே வையுங்கள். மிச்சம் எல்லாம் அப்புறம்.

டெக்சாஸில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் .308 ரவை போடும் ஏஆர்-10 வகைத் துவக்கு வைத்திருக்கிறார். ரவையையும் வீட்டிலேயே தானே நிரப்புவார். ஓட்டை விழுந்த கோதுகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "தம்பி, பவுடரைக் குறைக்கட்டோ?" என்று கேட்டார். இலங்கையில் இந்த வகைத் துவக்கு நம் கைக்கு வராது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி எந்தத் துவக்குக்கும் இங்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் பஞ்சிகாவத்தையில் லேத் பட்டறை வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பின், அது வந்து போகிற துளை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி எல்லாம் தினமும் பார்க்கிற விஷயம். வெளிநாட்டில் சட்டப்படி துவக்கு வைத்திருக்கும், புதிதாகப் பழகுகிற நம்மவர்களுக்காக அதே ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில், விழுந்தது எந்த வகை ஓட்டை?

கோதை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸால் பாருங்கள். ஃபயரிங் பின் (ட்ரிகரை இழுத்ததும் பிரைமரைக் குத்தும் ஊசி) குத்திய குழியின் அடியில் சின்ன ஓட்டையும் சுற்றிக் கரியும் இருந்தால், பின் பிரைமரைத் துளைத்திருக்கிறது. குழி இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு துண்டே வெட்டுப்பட்டுப் போயிருந்தால், அழுத்தம் பிரைமரின் தகட்டை ஃபயரிங் பின் வருகிற துளைக்குள் தள்ளி அறுத்திருக்கிறது. கரி நடுவில் இல்லாமல் பிரைமரின் விளிம்பைச் சுற்றி மட்டும் இருந்தால் அது வேறு நோய். பிரைமர் உட்காரும் குழி தளர்ந்துவிட்டது, அந்தக் கோதை மறுபடி நிரப்பாமல் எறிந்துவிடுங்கள்.

அடுத்தது ஃபயரிங் பின்

எல்லாரும் பவுடரில்தான் தொடங்குவார்கள். நான் பின்னில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டை விழுந்த கணத்தில் சூடான வாயு அந்த வழியாகப் பின்பக்கம் பீறிடுகிறது. .308 ரவைக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அந்த அழுத்தத்தில் வருகிற வாயு உருக்கையே அரிக்கும். பின்னின் நுனியில் பள்ளம் விழும், பள்ளத்தின் விளிம்பு கூராகும். அந்தக் கூர் அடுத்த பிரைமரையும் குத்தும், அந்த ரவையில் பவுடர் சரியாக இருந்தாலும். பவுடரைக் குறைத்தும் ஓட்டை நிற்கவில்லை என்று தலையில் கை வைக்கிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

போல்ட்டை (சேம்பரைப் பின்பக்கமாக மூடும் பாகம்) கழற்றிப் பின்னை வெளியே எடுத்துத் துடையுங்கள். நுனி அரைக்கோளமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். நகத்தை மெதுவாக அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது மாட்டினால் அந்தப் பின் முடிந்தது. அரத்தால் ராவிச் சரிப்படுத்த வேண்டாம், நீளம் குறைந்தால் அடி விழாது. புதுப் பின் போடுங்கள். ஏஆர்-10 என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. ஆர்மலைட் கம்பனி வழி வந்தது ஒன்று, டிபிஎம்எஸ் கம்பனி வழி வந்தது இன்னொன்று, ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்குச் சேராது. அதனால் பின் எவ்வளவு நீண்டு வெளியே வர வேண்டும் என்பதற்கு உங்கள் துவக்கைச் செய்தவர்கள் கொடுத்த அளவை மட்டும் எடுங்கள். டெப்த் மைக்ரோமீட்டர் இருந்தால் வேலை சுலபம்.

பின்னோடு போல்ட்டின் முகத்தையும் பாருங்கள். பின் வெளியே வரும் துளை அரிபட்டு அகன்றிருந்தாலோ, பின்னின் நுனியைவிட அதிகம் பெரிதாக இருந்தாலோ, பிரைமர் அதற்குள் பிதுங்கும். சுட்ட பிரைமரில் குழியைச் சுற்றி வரம்பு கட்டியது போல மேடு எழுவது அதனால்தான். அந்த மேட்டைப் பார்த்தவுடன் 'அழுத்தம் கூடிவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள், தளர்வான துளையும் அதே அடையாளத்தைத் தரும். துளை கெட்டிருந்தால் போல்ட்டை மாற்றுவது துவக்குத் திருத்துபவரின் வேலை.

வெட்டுப்பட்ட தகட்டுத் துண்டைத் தேடி எடுங்கள். மிளகை விடச் சிறியதுதான், ஆனால் ஃபயரிங் பின் ஓடும் வழியில் சிக்கிப் பின்னை முன்னுக்கே நிறுத்தி வைத்தால், போல்ட் மூடும்போது ட்ரிகரைத் தொடாமலே ரவை வெடிக்கலாம். ட்ரிகருக்குள் விழுந்தாலும் ஆபத்து. எல்லாவற்றையும் கழுவி, ஊதிச் சுத்தப்படுத்துங்கள்.

இப்போது ரவைக்கு வரலாம்

பிரைமர் பெட்டியின் லேபிளை வாசியுங்கள். பெரிய ரைபிள் பிரைமரும் பெரிய பிஸ்டல் பிரைமரும் விட்டத்தில் ஒன்றுதான், 0.210 அங்குலம். உயரத்திலும் தகட்டின் தடிப்பிலும் வித்தியாசம் உண்டு. தடிப்பு, ரைபிளுடையது ஏறக்குறைய 0.027 அங்குலம், பிஸ்டலுடையது 0.020. மெல்லியது .308இன் அழுத்தத்துக்குத் தாங்காது. பெரிய காலிபர் ரவைகளில் சில பிஸ்டல் பிரைமருக்கென்றே செய்யப்பட்டவை, .50 பியோவுல்ஃப் அதில் ஒன்று. அதனால் "ரைபிள் என்றால் ரைபிள் பிரைமர்" என்று அனுமானிக்காமல் உங்கள் ரவைக்குரிய நிரப்புக் கையேட்டைப் பாருங்கள்.

உண்மையிலேயே அழுத்தம் கூடியிருந்தால் ஓட்டை தனியாக வராது. பிரைமர் தட்டையாகி விளிம்பு வரை பரவியிருக்கும், கோதின் அடியில் எஜெக்டரின் (கோதை வெளியே தள்ளும் பாகம்) வட்டத் தடம் பளபளக்கும், கோது சேம்பரில் இறுகும். ஏஆர்-10 போல அடுத்த ரவையைத் தானே ஏற்றும் செமி ஓட்டோவில் எஜெக்டர் தடம் மட்டும் இருந்தால், வாயு அதிகமாகிப் போல்ட் முந்தித் திறக்கிறது என்றும் இருக்கலாம். வெயிலில் காய்ந்த ரவைப் பெட்டியும் அழுத்தத்தைக் கூட்டும், டெக்சாஸ் கோடையில் கார் டிக்கியில் ரவை வைக்காதீர்கள்.

கடைசியாகச் சோதனை

புதுப் பின்னோடு, நல்ல கம்பனியின் தொழிற்சாலை ரவையை ஒவ்வொன்றாக மெகஸினில் போட்டுச் சுடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேண்டாம், பின்னால் பீறும் வாயு முகத்துக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு கோதையும் பார்த்த பிறகே அடுத்தது. ஓட்டை இல்லையென்றால், நீங்கள் நிரப்பிய ரவையைக் கையேட்டின் தொடக்க அளவில் இருந்து மறுபடி ஏற்றி வாருங்கள். தொழிற்சாலை ரவையிலும் ஓட்டை விழுந்தால் அதோடு நிறுத்துங்கள். ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் ரவை முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்கத் துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள். .308க்குப் போல்ட் 1.630 அங்குலக் கோ கேஜில் (ரவைக்குப் பதிலாக வைக்கும் அளவுக் கட்டை) மூட வேண்டும், 1.634 நோ-கோவில் மூடக்கூடாது. கொடுக்கும்போது பழைய பின்னையும் ஓட்டை விழுந்த கோதுகளையும், எந்த ரவையில் விழுந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதி, கூடவே அனுப்புங்கள்.